குப்புற ஒட்டிய முகம்

அரியலூர் ரயிலடிக் கடைவீதியில் பிலவேந்திரனின் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. வாசலில் தொங்கிய படங்களே போதுமானவையாக இருந்தன. காற்றடித்தால் அவை ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். உள்ளே இருப்பவர் தலையைத் தூக்காமலே, "வாங்க, உக்காருங்க" என்பார். வந்தது காற்றா, ஆளா என்று அப்புறம்தான் பார்ப்பார்.

கண்ணாடி மாட்டிச் சட்டம் அடித்துக் கொடுக்கிற கடைகள் அந்த வீதியில் வேறு இரண்டு இருந்தன. ஒட்டுப்படம் செய்கிறவர் பிலவேந்திரன் ஒருவர்தான். தேயிலைப் பெட்டிக்குள் வருகிற ஈயத்தாள், மில் துணிக்கட்டின் மேல் ஒட்டிவரும் வண்ணச் சீட்டு, பழைய காலண்டர், கிழிந்த பட்டுச் சேலையின் ஜரிகை என்று ஊரே குப்பையில் போடுகிறதெல்லாம் அவர் கடையில் தகர டப்பாக்களில் இனம் பிரித்து இருக்கும். அச்சடித்த மாதா படத்தை வாங்கி, அங்கியின் மேல் அதே அளவுக்கு நீலச் சாட்டின் துணி வெட்டி ஒட்டுவார். ஓரத்துக்கு ஜரிகை, கிரீடத்துக்கு ஈயத்தாள். வள்ளி தெய்வானையோடு முருகன் கேட்டு வருகிறவர்களுக்கும் அதே கைதான், அதே டப்பாதான்.

"மாதாவுக்கு வெட்டுன துணியில மிச்சம் வள்ளிக்குப் பாவாடையா? சாமியாருக்குத் தெரிஞ்சா உங்களக் கோயில் வாசல்ல முட்டி போட வெப்பாரு" என்று அவர் மனைவி விண்ணரசி கேலி செய்வாள்.

"ரெண்டு பேருமே கோவிச்சுக்கல. சாமியாருக்கு என்ன?" என்பார் அவர்.

அவர் ஏலாக்குறிச்சிக்காரர். அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர். பிள்ளை மட்டும் மாதா கோயில் தேருக்கு வண்ணத்தாள் வெட்டி ஒட்டப் போய், அந்தக் கத்தரியைப் பிடித்த கையோடு டவுனுக்கு வந்துவிட்டார். அதனால்தானோ என்னவோ, வேறு கடைகளில் வெளியே நிறுத்திப் பேசி அனுப்பப்படுகிற சனங்கள் அவர் கடையில் பெஞ்சியில் உட்கார்ந்து பேசினார்கள்.

ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது சாமி படம் அல்ல. செத்தவர்களை உயிரோடு இருப்பவர்கள் பக்கத்தில் நிறுத்திக் கொடுப்பதுதான். புருஷன் ஒரு படத்தில் இருப்பான், பெண்டாட்டி வேறு படத்தில் இருப்பாள். சேர்ந்து எடுத்துக்கொள்ள வசதியும் இருந்திருக்காது, காலமும் இருந்திருக்காது. பிலவேந்திரன் பிளேடை உள்பக்கமாகச் சாய்த்துப் பிடித்து ஆளைச் சுற்றி வெட்டுவார். சாய்த்து வெட்டினால்தான் அட்டையின் வெள்ளை வெளியே தெரியாது. பின்பக்க ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்கி, விளிம்பில் விளக்குக்கரியைத் தொட்டுத் தடவுவார். அப்புறம் ஆளுக்குப் பின்னால் அதே வடிவத்தில் ஒன்றிரண்டு அட்டைத் துண்டு வைத்து உயர்த்தி ஒட்டுவார். பார்த்தால் ஆள் சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்து நிற்கிற மாதிரி இருக்கும். பார்த்த பொம்பளைகள் படத்தோடு பேசுவார்கள்.

உலகச் சண்டைக் காலத்தில் அட்டைக்குப் பஞ்சம் வந்தது. மைதாவும் கிடைக்கவில்லை. அவர் புளியங்கொட்டையை வறுத்துத் தோலெடுத்து, ஊறவைத்து அரைத்து, கூழாகக் காய்ச்சினார். பூச்சி வராமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டார். அந்தப் பசை ஒட்டினால் ஒட்டினதுதான். பசைக்கு வழி பண்ணிவிட்டார். அட்டைக்குத்தான் வழியில்லை.

அந்தச் சமயத்தில்தான் பூமாலை வந்தாள்.

தா.பழூர் பக்கத்துக்காரி. முப்பது வயதுகூட இருக்காது. அவள் புருஷன் செல்லமுத்து பட்டாளத்தில் ரோடு போடுகிற பிரிவில் சேர்ந்து, அஸ்ஸாமுக்கு அந்தப் பக்கம் மலை சரிந்து செத்துப்போனான். அதற்கு முன்னால் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். தடித்த அட்டையில் ஒட்டிய நல்ல போட்டோ. சீலைத் திரைக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். செல்லமுத்துவின் தோளில் கை போட்டபடி இன்னொருவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இவரு யாரு தங்கச்சி?"

"அவரோட கூட்டாளிண்ணே. சாமிதுரையாம். பெரம்பலூர் பக்கம். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போயிட்டாங்க." அவள் சந்தையில் எடுத்துக்கொண்ட தன் படத்தையும் எடுத்து வைத்தாள். "எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா நிக்க வெச்சிருங்க. கூட்டாளி பாதிய மட்டும் எடுத்து வைங்கண்ணே, தூக்கிப் போட்றாதீங்க. அவரு வூட்டுலேருந்து யாராச்சும் கேட்டு வருவாங்க. நான் சொல்லி அனுப்புறேன்."

பிலவேந்திரன் தலையை ஆட்டினார்.

செல்லமுத்துவை வெட்டி எடுப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. தோளில் கிடந்த சாமிதுரையின் கை. அதை வெட்டினால் தோள் பள்ளமாகிவிடும். துணி ஒட்டி மறைத்தால் சட்டையின் பட்டாளத்துப் பட்டை மறைந்துபோகும். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அவர் கையை அப்படியே விட்டார். மணிக்கட்டோடு வெட்டி, அந்த இடத்தில் பூமாலையின் சேலை மடிப்பு வந்து முடிகிற மாதிரி ஒரு சிவப்புத் துணித் துண்டை ஒட்டி, கையின் மேல் மெல்லிய தூரிகையால் நாலு வளையல் வரைந்தார். பூமாலை புருஷன் தோளில் கை வைத்திருப்பதுபோல் ஆகிவிட்டது. சுண்டுவிரல் மட்டும் ஏதோ பழைய வெட்டுக்காயத்தில் உள்ளே வளைந்திருந்தது. யார் அதையெல்லாம் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டார்.

படம் நன்றாக வந்தது. உயர்த்தத்தான் அட்டை இல்லை. டப்பாக்களைக் கவிழ்த்துப் பார்த்தார். கடை கடையாகக் கேட்டார். மறுநாள் பூமாலை வருகிறாள். மேசையில் மீதிப் பாதி கிடந்தது. தடித்த, நல்ல, வெளியூர் அட்டை.

எப்படிச் செய்தோம் என்று பிறகு நினைத்துப் பார்த்தபோது அவருக்கு ஒன்று மட்டும் தெளிவாக ஞாபகம் இருந்தது. சாமிதுரையின் முகம் மேலே பார்த்திருக்க, அதன் மேல் பசை தடவ அவருக்குக் கை வரவில்லை. அதனால் குப்புறத் திருப்பினார். முதுகைப் பார்த்தால் அது வெறும் அட்டை. செல்லமுத்துவின் அளவுக்கு இரண்டு துண்டாக வெட்டினார். உடம்பு உடம்புக்கு அடியில் போனது, தலை தலைக்கு அடியில் போனது. மேலே கல்லைத் தூக்கி வைத்தார்.

பூமாலை படத்தைப் பார்த்து அழுதாள். தோளில் இருந்த கையை மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள். துணியில் சுற்றிக்கொண்டு போனாள்.

அறுப்பு முடிந்த சமயம் ஆண்டாயி வந்தாள். பெட்ரோலுக்குப் பதில் கரி எரித்து ஓட்டுகிற பஸ்ஸில் பெரம்பலூரிலிருந்து வந்தவள். முகமெல்லாம் புகைக்கரி. பெஞ்சியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நான் சாமிதுரையோட ஆத்தா, தம்பி. அந்தப் புள்ள பூமாலை சொல்லி அனுப்புச்சு. எம்மவன் பாதிய நீங்க எடுத்து வெச்சிருக்கீங்களாம்."

பிலவேந்திரன் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தார்.

"வேற படமே கிடையாதுங்க" என்று அவள் தொடர்ந்தாள். "சொன்னா சிரிப்பீங்க. அவன் குரல் வருது. அவன் நடந்து வர்றது வருது. மொகத்த நெனச்சா வர மாட்டேங்குது. பெத்தவளுக்கு வராம இருக்குமா? எனக்கு வரல. கண்ண மூடுனா வேற யாரோட மொகமோ வந்து நிக்குது."

உண்மையைச் சொல்ல அப்போது ஒரு நொடி இருந்தது. அவர் வாய் வேறொன்றைச் சொன்னது.

"அது கழிவோட கழிவாப் போயிடுச்சு ஆத்தா. வூட்டுல அடுப்புல போட்டுட்டாங்க."

ஆண்டாயி திட்டவில்லை.

"அடுப்புலயா," என்றாள். கொஞ்ச நேரம் வாசலில் ஆடுகிற படங்களைப் பார்த்தாள். "சரி, எரிஞ்சது எரிஞ்சதுதான். அங்க அவன எரிச்சாங்களோ பொதச்சாங்களோ, அதுவும் தெரியாது."

அவள் எழுந்துகொள்ளப் போனபோது பிலவேந்திரன் அவசரமாகச் சொன்னார், "அடையாளம் சொல்லுங்க ஆத்தா. நான் ஒட்டிச் செஞ்சு தரேன்."

"செய்ய முடியுமா?"

"பாக்குறேன்."

அவள் சொன்னாள். நெற்றி அவள் அப்பனுடைய நெற்றி. மூக்கு கொஞ்சம் சப்பை. காது பெரிது, சின்னவனாக இருக்கையில் எல்லோரும் பிடித்து இழுப்பார்கள். சொல்லச் சொல்ல அவளுக்கே குழம்பியது. பிலவேந்திரனுக்கு ஒன்றும் குழம்பவில்லை. தாய்க்கு வராத முகம் அவருக்கு வந்துகொண்டே இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் வந்தது. மாதாவின் முகத்தைச் சுற்றி வெட்டும்போது வந்தது. சிரித்துக்கொண்டே வந்தது, அதுதான் பெரிய தொல்லை.

திருச்சி ஸ்டூடியோக்காரர் ஒருவர் கெட்டுப்போன போட்டோக்களைக் கட்டாகக் கொடுப்பார். அதில் தேடினார். ஒரு மணியக்காரர் நெற்றி. ஒரு மாப்பிள்ளையின் கண்கள். யாரோ ஒரு வாத்தியார் மூக்கு. ஒவ்வொன்றையும் மயிரிழை மெலிவாகத் தேய்த்து, சாயம் ஒத்துவரத் தேயிலைத் தண்ணீரில் நனைத்து, ஒன்றின் ஓரம் இன்னொன்றில் மறைகிற மாதிரி ஒட்டினார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அவ்வளவு நுட்பமாக வேலை செய்ததில்லை.

இதற்கிடையில் ஒரு சனிக்கிழமை ஏலாக்குறிச்சிக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனார். வரிசையில் நின்றார். முன்னால் நின்றவர் போனதும் இவர் முறை. உள்ளே என்ன கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியும் என்பதுதான் பதில். வரிசையை விட்டு விலகி, கொள்ளிடக்கரை வரை நடந்து, திரும்பி வந்துவிட்டார்.

"பாவமன்னிப்புக் கேட்டீங்களா?" என்றாள் விண்ணரசி.

"கூட்டமா இருந்துச்சு" என்றார். அந்தப் பொய்யும் சேர்ந்துகொண்டது.

ஆண்டாயி மறுபடி வந்தபோது படத்தை அவள் மடியில் வைத்தார். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்தாள். தள்ளிப் பிடித்தாள். கிட்டக் கொண்டுவந்தாள்.

"நல்லாத்தான் இருக்காரு," என்றாள். "யாரு தம்பி இவரு?"

"உங்க மவன்தான் ஆத்தா... நீங்க சொன்ன அடையாளந்தான்."

ஆண்டாயி சிரித்துவிட்டாள். கேலியில்லாத சிரிப்பு. "எம்மவன் எங்கள மாதிரி கூழு குடிச்சவன். இவரு நெய்ச்சோறு தின்னவராட்டம் இருக்காரு. வரி கேக்க வந்த மாதிரி என்னைய மொறைக்கிறாரே!" பிறகு படத்தைப் பத்திரமாக மேசையில் வைத்தாள். "உங்களத் தப்புச் சொல்லல. போனவன ஒட்டிக் கொண்டுவர முடியுமா? எனக்காக இவ்ளோ சிரமப்பட்டீங்க. உங்க புள்ளகுட்டி நல்லா இருக்கணும்."

அந்த ஆசீர்வாதத்தை அவரால் தாங்க முடியவில்லை.

"அடுப்புல போடல ஆத்தா."

"என்னது?"

"அடுப்புல போடல. நான் பொய் சொன்னேன். அட்டை கிடைக்கல. பூமாலை படத்துக்கு அடியில வெச்சு ஒட்டிட்டேன். செல்லமுத்துக்கு அடியில."

ஆண்டாயி மறுபடி உட்கார்ந்தாள். அவளுக்கு விளங்க நேரம் ஆனது. "அடியிலன்னா? எப்படி?"

"குப்புற."

"குப்புறவா," என்றாள் அவள். மெதுவாக, "இத்தன நாளா குப்புறவா கெடக்கான்?"

தா.பழூர் பக்கம் போகிற பஸ் மேட்டில் ஏற முடியாமல் இரண்டு இடத்தில் நின்றது. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். பிலவேந்திரன் எல்லோரையும்விட அதிகமாகத் தள்ளினார். ஆண்டாயி உள்ளே சன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தாள். திட்டினால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

பூமாலை குடிசை வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எடுத்து வைங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன தங்கச்சி."

"நீங்க தலைய ஆட்டுனீங்களா இல்லையா?"

"ஆட்டுனேன்."

"அப்புறம் எதுக்கு அந்தத் தலை?" என்றாள் பூமாலை.

ஆண்டாயி அதற்குள் உள்ளே போயிருந்தாள். சுவரில் அந்தப் படம் மாட்டியிருந்தது. அவள் செல்லமுத்துவைப் பார்க்கவில்லை, பூமாலையைப் பார்க்கவில்லை. நேராகத் தோளில் இருந்த கையைப் பார்த்தாள். வளைந்த சுண்டுவிரலின் மேல் தன் விரலை வைத்தாள்.

"கரும்பு வெட்டையில அரிவா பட்டது," என்றாள். "மஞ்சப்பத்து வெச்சுக் கட்டுனேன். வளைஞ்சே ஒட்டிக்கிச்சு."

"என் கை இல்லன்னு எனக்கு மொத நாளே தெரியும் அத்தை," என்றாள் பூமாலை பின்னால் வந்து. "புல்லறுக்கிற கையில நாலு வளையல் எவ போடுவா? கூட்டாளி கைதான், இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

பிலவேந்திரன் படத்தின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். "பிரிச்சுப் பாக்கலாம். ஆனா இது புளியங்கொட்டைப் பசை. ஆவி காட்டித்தான் எடுக்கணும். அவரு வரலாம், வராமப் போகலாம். உன் படமும் கெடலாம் தங்கச்சி. முன்னாடியே சொல்லிடுறேன்."

பூமாலை படத்தைப் பார்த்தாள். அவள் புருஷன் முகம் அந்தக் குடிசையில் அது ஒன்றுதான். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே போனாள். திரும்பி வரும்போது கையில் விறகு இருந்தது.

"பானை வெக்கிறேன். பிரிங்க."

"உனக்கு..." என்று ஆண்டாயி ஆரம்பித்தாள்.

"குப்புறக் கெடக்கிறாருன்னு தெரிஞ்சப்புறம் நான் எப்படி அத்தை இதப் பாத்துக்கிட்டு சோறு திம்பேன்?"

கொதிக்கிற பானையின் ஆவிக்கு மேல் ஈரத்துணியைப் பிடித்து, படத்தின் பின்பக்கத்தில் வைத்து வைத்து எடுத்தார் பிலவேந்திரன். மூங்கில் சிம்பை மெலிதாகச் சீவி, ஓரத்தில் நுழைத்தார். பசை பாசி நிறத்தில் ஊறி வந்தது. ஒட்டுவதற்கு அரை நாள் போதும், பிரிப்பதற்கு அப்படி இல்லை. அவருக்கு வியர்வை படத்தில் சொட்டிவிடுமோ என்று பயம். பூமாலை கேட்காமலே முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள், கோபம் மாறாத முகத்தோடு.

செல்லமுத்து முழுதாக வந்தான். சட்டைப் பக்கம் ஓர் அலை விழுந்ததே தவிர முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பூமாலை மூச்சு விட்டாள்.

அடியில் இருந்த சாமிதுரையின் தலைத் துண்டு அசையவில்லை. மறுபடி ஆவி, மறுபடி சிம்பு. ஒரு பக்கம் கிளம்பியது. காது வந்தது. கன்னம் வந்தது. ஒரு கண், பாதி மீசை, பாதிச் சிரிப்பு. அதற்கு அப்புறம் ஒரு சின்னச் சத்தம். பாலாடை கிழிகிற மாதிரி. மற்றப் பாதி முகம் தோலாக உரிந்து கீழ் அட்டையிலேயே தங்கிவிட்டது. அதைத் தொட்டார். விரலோடு கூழாக வந்தது.

அவர் அந்தத் துண்டைத் துணியில் ஒற்றி ஆண்டாயியிடம் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"மிச்சப் பாதிய நான் ஒட்டித் தரேன் ஆத்தா," என்றார். "எனக்கு மொகம் நல்லா ஞாபகம் இருக்கு. வித்தியாசமே தெரியாது."

"வேணாம்பா," என்றாள் ஆண்டாயி. அவரை நிமிர்ந்து பார்த்தாள். "உன் கை பட்டது போதும்."

வந்ததிலிருந்து அவர் காத்துக்கொண்டிருந்த வார்த்தை அதுதான். வந்த பிறகு அது எதையும் லேசாக்கவில்லை.

தோளில் இருந்த கையை என்ன செய்வது என்று பூமாலை கேட்டாள். வேண்டுமானால் அதையும் வெட்டித் தரச் சொல்கிறேன் என்றாள். ஆண்டாயி வேண்டாம் என்றாள். அவன் கூட்டாளி தோளில்தானே போட்டான், அங்கேயே இருக்கட்டும், வளையலை மட்டும் எடுத்துவிடச் சொல் என்றாள். பிலவேந்திரன் செல்லமுத்துவைப் பழைய இடத்திலேயே ஒட்டிவிட்டு, பஞ்சை நனைத்து வளையல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பூமாலை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் கடையில் சாமிதுரைக்குச் சட்டம் அடித்தார். வெட்டவோ, தேய்க்கவோ, ஒட்டவோ எதுவும் இல்லை. பாதி முகம், பாதி வெறும் அட்டை, மேலே கண்ணாடி. அந்த வெறும் பாதியில் பழுப்புக் கறை இருந்தது. அதன் மேல் ஒரு துணித்துண்டாவது வைக்கச் சொல்லிக் கை பரபரத்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆண்டாயி பெஞ்சியில் உட்கார்ந்து படத்தை மடியில் வைத்துப் பார்த்தாள். வெறும் பாதியை உள்ளங்கையால் மூடினாள். கையை எடுத்தாள். மறுபடி மூடினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சிறிது நேரம் அப்படியே இருந்தாள்.

இப்போது முகம் வருகிறதா என்று கேட்க பிலவேந்திரனுக்கு நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று நினைத்தார். பெரம்பலூர் பஸ் கரிப்புகையோடு வீதி முனையில் வந்து நின்றது. அவள் படத்தைச் சேலையில் சுற்றி, முகம் வெளியே பார்க்கிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள்.